மேல் கோரைப்பல் இறங்கவில்லை, 3டி ஸ்கேன் கேட்கிறார்கள்: எடுக்கலாமா?

கேள்வி: ஜூன் 9, 2024, காலை 11.20

மகளுக்கு 12 வயது முடிந்து ஆறு மாதம். வலது பக்கம் மேல் கோரைப்பல் முளைத்துவிட்டது. இடது பக்கம் பால் பல்லே இன்னும் ஆடாமல் நிற்கிறது. கிளிப் போடப் போன இடத்தில் ஓபிஜி, அதாவது எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து படுத்திருக்கிறதாம். இப்போது 3டி ஸ்கேன், அதாவது சிபிசிடி எடுத்து வரச் சொல்கிறார்கள். 2,800 ரூபாய். ஒரு எக்ஸ்ரேதான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? கமிஷனுக்காக எழுதுகிறார்கள் என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு கதிர்வீச்சு நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு 10.45

நாகர்கோவிலில் இருபது வருடமாகக் கிளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், 3டி ஸ்கேன் கேட்க நியாயமான காரணம் உள்ள கேஸ் இது.

ஓபிஜி என்பது நிழல். எங்கள் ஊர்ப் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இரண்டு பாவைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. உங்கள் மகளின் ஓபிஜியில் கோரைப்பல்லின் நுனி பக்கத்துப் பல்லின் வேர்மேல் ஏறி நிற்பது போலத் தெரியலாம். அந்தப் பக்கத்துப் பல்லை நாங்கள் லேட்டரல் என்போம். நடு முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில் இருப்பது. கோரைப்பல் அந்த வேருக்கு முன்னால் உதட்டுப் பக்கம் நிற்கிறதா, பின்னால் அண்ணத்துப் பக்கம் நிற்கிறதா, வேரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, தள்ளி நிற்கிறதா? ஓபிஜியைப் பார்த்து ஊகிக்கலாம். பல தடவை ஊகம் சரியாகவும் இருக்கும். அவ்வளவுதான்.

வாயின் முன்பகுதியில் ஓபிஜி இன்னும் மோசம். இயந்திரம் முகத்தைச் சுற்றி வரும்போது ஒரு வளைவான பட்டைக்குள் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். முன்பற்கள் வரும் இடத்தில் அந்தப் பட்டை ரொம்ப மெல்லியது. பல் கொஞ்சம் துருத்தியிருந்தாலும், தாடையை வைத்த விதம் பிசகினாலும் வேர் நுனி மங்கிப்போகும், குட்டையாகத் தெரியும்.

விரல் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பத்து வயது வாக்கில் மேல் ஈறின் வெளிப்பக்கம், பால் கோரைப்பல்லுக்கு மேலே தடவினால் உள்ளே வரும் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லையென்றால் அதுவே பெரிய தகவல். அதற்குப் பில் கிடையாது.

ஜூன் 10, காலை 7.10

அண்ணன் சொன்னதைப் பற்றி. கமிஷனே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிளினிக் ஆரம்பித்த புதிதில் ஒரு ஸ்கேன் சென்டர்க்காரர் மாதக் கடைசியில் கவரோடு வந்தார். டீ வாங்கிக் கொடுத்துக் கவரையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். "எல்லாரும் வாங்குறாங்களே சார்" என்று அவர் மனம் நொந்து போனார். அதனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஸ்கேனில் பல் இன்ன இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? வேறு இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஸ்கேன் வேண்டாம். கிளிப் போட வருகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே பதில்தான் வரும். பல் நெருக்கமாக இருக்கிறது, இடம் உண்டாக்க வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு வேரை முப்பரிமாணத்தில் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஜூன் 10, மதியம் 1.30

"அப்படிக் கேட்டால் டாக்டர் கோபப்பட மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டவர்கள்மேல் நான் கோபப்பட்டிருக்கிறேன். அப்புறம் வீட்டுக்குப் போய், நானே எனக்கு அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்து "ஸ்கேன் வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, இரவு 11.05

இங்கே ஒரு பல் மருத்துவத் தம்பி கேட்டிருக்கிறார்: "முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சின்ன ஃபிலிம் போதுமே சார், அதற்கு எதற்கு சிபிசிடி?" சரியான கேள்வி. 1910இல் கிளார்க் என்பவர் சொன்ன உத்தி. இன்றைக்கும் வேலை செய்கிறது.

மற்றவர்களுக்காக: சின்ன ஃபிலிம் என்பது வாய்க்குள் வைத்து ஓரிரு பல்லை மட்டும் எடுக்கும் எக்ஸ்ரே. ஒரே இடத்தை, எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு தடவை படமெடுக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது ஆரல்வாய்மொழியில் ஜன்னல் வழியாகப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் காற்றாலைகள் பின்னால் ஓடும். தூரத்து மலை நம்மோடு கூடவே வரும். அதே கதைதான். குழாய் போன பக்கமே கோரைப்பல்லும் போனால் அது தூரத்தில், அண்ணத்துப் பக்கம் இருக்கிறது. எதிர்ப் பக்கம் ஓடினால் உதட்டுப் பக்கம் இருக்கிறது. நானும் முதலில் இதைத்தான் செய்வேன்.

ஆனால் தம்பி, அது இடத்தை மட்டும்தான் சொல்லும். உள்ளே தடம் மாறிய கோரைப்பல் முட்டினால் பக்கத்துப் பல்லின் வேர் கரைந்துபோவது உண்டு. லேட்டரலின் வேர் அப்படிக் கரைந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. பல்லின் பக்கவாட்டில் கரைந்தால் சின்ன ஃபிலிமில் விளிம்பு அரித்தது போலத் தெரியும். அண்ணத்துப் பக்கமோ உதட்டுப் பக்கமோ குழி விழுந்தால் அந்தக் குழி மிச்சமிருக்கும் வேரின் நிழலுக்குள் மறைந்துபோகும். கோரைப்பல் பெரும்பாலும் குழி போடுவது அங்கேதான்.

சுவீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் இதை விடாமல் ஆராய்ந்தார்கள். 1987இல் சாதாரணப் படங்களை வைத்துப் பார்த்தபோது, தடம் மாறிய கோரைப்பற்களின் பக்கத்து முன்பற்களில் சுமார் 12 சதவீதம் கரைந்திருப்பதாகச் சொன்னார்கள். 2000இல் அவர்களே சிடி ஸ்கேன் வைத்து 107 பிள்ளைகளைப் பார்த்தார்கள். தடம் மாறிய கோரைப்பல்லுக்குப் பக்கத்து லேட்டரல்களில் 38 சதவீதம், நடு முன்பற்களில் 9 சதவீதம் கரைந்திருந்தன. கரைதல் திடீரென்று கூடிவிடவில்லை. முன்பு கண்ணில் படாதது பட்டது.

ஜூன் 11, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 12ஐயும் 38ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது கொஞ்சம் மிகைதான். இரண்டும் ஒரே பிள்ளைகள் இல்லை. இரண்டாவது கூட்டம் பல் தடம் மாறியதால் சிடி வரைக்கும் போன பிள்ளைகள். பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் கோரைப்பல் இப்படிச் சிக்குவதே நூற்றில் இரண்டு பேருக்குத்தான். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். எல்லோரும் பயந்துபோய் நாளைக்கே ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்க வேண்டாம்.

ஜூன் 12, இரவு 11.40

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2009. ஒரு பெண், 14 வயது, உங்கள் மகளைப் போலவே இடது பக்கம். என்னிடம் இருந்தது ஒரு ஓபிஜி, இரண்டு சின்ன ஃபிலிம். அண்ணத்துப் பக்கம் இருக்கிறது என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தேன். வாய் அறுவை மருத்துவர் அண்ணத்தைத் திறந்து பல்லின்மேல் சின்னச் சங்கிலி ஒட்டிக் கொடுத்தார். நான் அதை மேல் வரிசைக் கம்பியில் கட்டி நேராக வெளியே இழுத்தேன். புத்தகத்தில் அம்புக்குறி அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் கோரைப்பல் லேட்டரல் வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. நேராக இழுத்தால் அது வேரை உரசிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஏழாவது மாதம் அந்தப் பிள்ளை சொன்னாள்: "டாக்டர், இந்தப் பல்லு ஆடுற மாதிரி இருக்கு." விரல் வைத்தேன். ஆடியது. படம் எடுத்தேன். வேரில் பாதிக்கு மேல் இல்லை.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. திசையை மாற்றிக் கோரைப்பல்லை முதலில் பின்பக்கமும் கீழேயுமாக இழுத்து வேரை விட்டு விலக்கினேன். விலகியதும் கரைதல் நின்றுவிட்டது. பொதுவாக அப்படித்தான் நடக்கும், இந்தத் தொழிலில் கிடைக்கும் சில கருணைகளில் ஒன்று. லேட்டரலைப் பக்கத்துப் பற்களோடு உட்பக்கமாக ஒரு மெல்லிய கம்பியால் ஒட்டி வைத்தேன். அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை. பல் இன்னும் வாயில் இருக்கிறது.

ஜூன் 13, அதிகாலை 5.30

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் இழுத்ததால்தான் கரைந்தது என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது எனக்குத் தெரியாது. நான் தொடும் முன்பே பாதி கரைந்திருக்கலாம், மீதியை நான் முடித்துவைத்திருக்கலாம். எதுவும் தொடங்கும் முன் எடுத்த 3டி படம் ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்கேனின் பயன் என்று நான் நினைப்பதில் இதுவும் ஒன்று: ஆரம்பத்தில் வேர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி. டாக்டருக்கும் சாட்சி, பெற்றோருக்கும் சாட்சி.

ஜூன் 13, இரவு 9.15

"தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதை ஏன் இழுத்து வரிசையில் வைக்கிறீர்கள்?" என்று ஒருவர். ஐயா, தெத்துப்பல் வெளியே வந்து சிரிக்கிற பல். நாம் பேசிக்கொண்டிருப்பது வெளியே வராமல் உள்ளே உட்கார்ந்து பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுகிற பல். அதிர்ஷ்டக் கணக்கில் இது வராது.

ஜூன் 15, இரவு 10.20

கதிர்வீச்சுக்கு வருகிறேன். ஆறு நாளாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

மண், பாறை, காற்று, வானம், சாப்பாடு என்று இயற்கையாக ஒரு மனிதன் மேல் விழும் அளவு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நாள் கணக்கில் பார்த்தால் ஆறரை மைக்ரோசீவர்ட். ஒரு ஓபிஜி 20 மைக்ரோசீவர்ட் வாக்கில், அதாவது மூன்று நாள் கணக்கு. சிபிசிடி இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 2015இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கில் சின்னப் பகுதியை மட்டும் எடுத்தால் சராசரி 84, முகம் முழுக்க எடுத்தால் 212. ஆக, பன்னிரண்டு நாளிலிருந்து ஒரு மாதம் வரை.

இதைப் படித்ததும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தனியாக எழுதினார்: "மணவாளக்குறிச்சி மணலில் பிறந்து வளர்ந்தவனுக்கு சிபிசிடி எல்லாம் தூசு டாக்டர்." உண்மைதான், அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு. வடக்கே கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையும் அதே மாதிரி. அங்கே வருடக்கணக்கில் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதை வைத்துப் பிள்ளைகளுக்குத் தாராளமாக எடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வளரும் உடம்பு கதிர்வீச்சுக்கு அதிகம் பாதிக்கப்படும், அவர்களுக்கு முன்னால் இருக்கும் வருடங்களும் அதிகம். கடற்கரை கேட்டு வருவதில்லை. ஸ்கேனை நாம் கேட்டு எடுக்கிறோம்.

ஜூன் 16, காலை 8.00

திருத்தம். வாய்க் கதிரியக்கம் படித்த ஒரு நண்பர் காதைத் திருகிவிட்டார். நான் கொடுத்த 84 பெரியவர்களுக்கான கணக்கு. அதே 2015 ஆய்வில் பிள்ளைகளுக்குச் சின்னப் பகுதியின் சராசரி 103. பிள்ளையின் தலை சிறியது, தைராய்டு படமெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் மகளுக்குப் பதினைந்து, பதினாறு நாள் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சராசரிதான். புதிய இயந்திரங்களில் குறைந்த அளவுத் தேர்வு உண்டு, போட்டால் நன்றாகக் குறையும். போடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

அதே நண்பர் சொன்ன இன்னொன்று: இந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல் எக்ஸ்ரேக்களுக்கு ஈய ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் தேவையில்லை என்று பரிந்துரைத்திருக்கிறது. கதிரை வேண்டிய இடத்துக்குள் சுருக்குவதுதான் உண்மையான பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். எனக்குப் புரிகிறது. ஆனால் ஏப்ரன் இல்லாமல் பிள்ளையை நிறுத்தினால் எங்கள் ஊர் அம்மாக்கள் என்னைத்தான் சுருக்குவார்கள். மாட்டிவிடுகிறேன்.

ஜூன் 19, இரவு 11.20

2009 கதையைப் படித்த சிலர், "அப்படியென்றால் எல்லோருக்கும் எடுத்துவிடுவதுதானே பத்திரம்?" என்கிறார்கள். அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊருக்கு சிபிசிடி வந்ததும் முதல் ஒன்றரை வருடம் கிளிப் போட வந்த அத்தனை பேரையும் அனுப்பினேன். கவர் எதுவும் வாங்கவில்லை, பயத்தில் அனுப்பினேன். சூடு கண்ட பூனை. அத்தனை படங்களையும் இரவு உட்கார்ந்து பார்த்ததில், திட்டத்தை மாற்ற வைத்தவை கைவிரல்களுக்குள் அடங்கும். அவையும் ஏற்கெனவே சின்ன ஃபிலிமிலோ விரலிலோ சந்தேகம் தட்டியவைதான்.

அது போகட்டும். இல்லாத வியாதியைக் கண்டுபிடித்ததுதான் மோசம். ஒரு கல்லூரிப் பையன், கீழ் முன்பற்கள் நெருக்கம். 3டி படத்தில் இரண்டு பற்களின் வெளிப்பக்கம் எலும்பே இல்லை, வேர் மொட்டையாக நிற்கிறது. நான் அலறிப்போய்ப் பற்களை முன்னே நகர்த்தும் திட்டத்தைக் கைவிட்டு, நல்ல கடைவாய்ப்பற்களில் இரண்டைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். முன் கடைவாய்ப்பற்கள்தான், ஆனாலும் நல்ல பற்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு அதே இடத்தில் ஈறு இறங்கியதால் ஈறு மருத்துவர் திறந்து பார்த்தார். போன் செய்தார். "எலும்பு இருக்கே. மெல்லிசா இருக்கு, ஆனா இருக்கு."

காரணம் எளிது. 3டி படம் சின்னச் சின்னக் கனசதுரங்களால் ஆனது. நான் எடுக்கச் சொன்ன முழு முகப் படத்தில் ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டர். கீழ் முன்பல்லுக்கு வெளியே இருக்கும் எலும்பு சில இடங்களில் அதைவிட மெல்லியது. ஒரு கனசதுரத்துக்குள் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் ஈறு, கொஞ்சம் வேர் என்று கலந்துவிட்டால் இயந்திரம் சராசரி போட்டு ஒரு சாம்பல் நிறத்தைக் கொடுக்கும். எலும்பு காணாமல் போகும். நுணுக்கமாக எடுத்தாலும் இந்தச் சிக்கல் முழுசாகத் தீராது, பையன் இமைக்கிற நேரம் அசைந்தால் போச்சு. மொத்தத்தில் சிபிசிடி எலும்பு இருக்கிறது என்றால் நம்பலாம். எலும்பு இல்லை என்றால் பாதிதான் நம்புவேன்.

2012இல் ஐரோப்பிய வழிகாட்டியும், 2013இல் அமெரிக்க வாய்க் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பும், கிளிப் போடும் எல்லோருக்கும் வழக்கமாக சிபிசிடி எடுக்காதே என்று எழுதி வைத்துவிட்டார்கள். நான் அதையெல்லாம் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஜூன் 20, காலை 7.40

"அப்படியென்றால் இப்போது யாருக்கு எழுதுகிறீர்கள்?" இறங்காத கோரைப்பல், வேரோடு சந்தேகம் இருந்தால். முன்பல்லுக்கு மேல் கூடுதல் பல் முளைத்து வழி மறித்தால். குழந்தையில் விழுந்து அடிபட்டதால் வேர் கொக்கி மாதிரி வளைந்திருந்தால். இரண்டு பற்கள் இடம் மாறி வரும்போது. தாடை அறுவை செய்யும் பெரியவர்களுக்கு. மாதத்தில் இரண்டு மூன்று பேர். சில மாதம் ஒருவரும் இல்லை.

ஜூன் 23, மாலை 4.10

அலைனர், அதாவது கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறை, போட்டுக்கொள்பவர் கேட்டது: "என் கம்பெனி அனுப்பிய வீடியோவில் வேர்கள் அழகாக நகர்வது தெரிகிறதே, அது 3டி ஸ்கேன்தானே?" உங்களுக்கு சிபிசிடி எடுத்தார்களா? வாய்க்குள் கேமரா மாதிரி ஒரு குச்சியை மட்டும் ஓட்டினார்கள் என்றால், அந்த வேர்கள் உங்களுடையவை இல்லை. குச்சி பார்ப்பது ஈறுக்கு வெளியே இருப்பதை மட்டும். வேர் கணினி போட்ட பொதுவான அச்சு. இப்போது சிபிசிடியிலிருந்து எடுத்த நிஜ வேரை அந்தக் குச்சிப் படத்தோடு ஒட்டிக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. சிக்கலான கேஸில் நல்ல உதவி. மற்றபடி வீடியோவில் ஓடுவது காலண்டர் முருகன் மாதிரி. கும்பிடலாம், ஆளடையாளம் காட்ட முடியாது.

ஓபிஜியிலும் இப்படி ஒரு ஏமாற்று உண்டு. கிளிப் கழற்றும் முன் வேர்கள் இணையாக நிற்கின்றனவா என்று ஓபிஜியில் பார்ப்போம். மேல் கோரைப்பல்லின் வேரும் அதற்குப் பின்னால் உள்ள பல்லின் வேரும் உண்மையில் இருப்பதைவிட அதிகம் விலகியிருப்பது போல அது காட்டும். பாடம் படித்த காலத்தில் அதை நம்பி நன்றாக இருந்த வேரை வளைத்துக் கெடுத்திருக்கிறேன்.

ஜூன் 25, இரவு 9.50

கேள்வி கேட்ட அம்மா ஸ்கேன் எடுக்க முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார். டாக்டரிடம் கேட்டாராம். "வேரைத் தொட்டிருந்தால் உடனே சங்கிலி, திசை மாற்றி இழுப்பேன். தொடாமல் இருந்தால் பால் பல்லை எடுத்துவிட்டு ஆறு மாதம் பார்ப்பேன்" என்றாராம். இதைவிட நல்ல பதில் வேண்டாம். போங்கள்.

எடுக்கும்போது: மேல் தாடையின் முன்பகுதி மட்டும் போதும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் ஒரே காசுதானே என்று முகம் முழுக்க எடுத்துக் கொடுப்பார்கள், பிரியாணிக்கு எக்ஸ்ட்ரா பீஸ் மாதிரி. கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கிளிப் ஒட்டும் முன் எடுத்துவிடுங்கள், உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். இயந்திரம் ஒரே சுற்றுத்தான் சுற்றும், பத்து இருபது விநாடி. அதற்குள் எச்சில் விழுங்கக்கூடாது. நான் என் பிள்ளைகளிடம் முதலில் ஒத்திகை பார்ப்பேன்: "மக்கா, கண்ணை மூடி இருபது எண்ணு, அசையாத." எண்ண முடிகிற பிள்ளை படத்துக்கும் தாங்கும்.

பிரிண்ட் போட்ட ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது அவர்கள் தேர்ந்தெடுத்த நாலு துண்டு. முழுத் தரவும் சிடியிலோ பென்டிரைவிலோ வேண்டும். அப்புறம் ஒரு கதிரியக்க மருத்துவர் பார்த்து எழுதிய அறிக்கை. பல்லைத் தேடுகிற கண்ணுக்குச் சைனஸில் இருக்கும் கட்டி தெரியாது. என் கண்ணைத்தான் சொல்கிறேன்.

ஜூலை 7, இரவு 8.30

அறிக்கை வந்துவிட்டது. அம்மா இங்கே போட்டிருப்பதை வைத்து எழுதுகிறேன், படத்தை நான் பார்க்கவில்லை. கோரைப்பல் அண்ணத்துப் பக்கம். நுனி லேட்டரல் வேரின் நடுப்பகுதியைத் தொடுகிறது. அந்த இடத்தில் வேரில் மேலோட்டமான குழி, உள்ளே நரம்பு வரை போகவில்லை. நடு முன்பல் நன்றாக இருக்கிறது.

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. 2009இல் என் கையில் இருந்திருக்க வேண்டிய காகிதம் இது.

"பால் பல்லை எடுத்தால் தானாக வந்துவிடும் என்று இணையத்தில் படித்தேனே?" என்று கேட்கிறீர்கள். அதுவும் அதே சுவீடன்காரர்கள்தான். 1988இல் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம், அண்ணத்துப் பக்கம் தடம் மாறிய 46 கோரைப்பற்களுக்குப் பால் பல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 36 சரியான தடத்துக்குத் திரும்பின, 78 சதவீதம். கோரைப்பல்லின் தலை லேட்டரலின் நடுக்கோட்டைத் தாண்டாமல் இருந்தால் 91 சதவீதம், தாண்டியிருந்தால் 64. குழி விழத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்கள் டாக்டர் முன்பே சொன்ன பாதையில் போகட்டும்.

ஜூலை 8, காலை 6.30

நேற்று விட்டுப்போனது. சங்கிலி கட்டியதும் முதலில் பின்னாலும் கீழேயும், வேரை விட்டு விலகிய பிறகுதான் வெளியே. அப்புறம், கோரைப்பல் விலகும் வரை லேட்டரலுக்கு பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்மேல் ஒட்டும் சின்னத் துண்டு) ஒட்டாமல் விட்டுவைப்பது நல்லது. கம்பியில் மாட்டிவிட்டால் அது நேராக முயன்று, வேரைக் கோரைப்பல்மேல் கொண்டுபோய் இடிக்கும். ஆறு மாதம் ஒரு பல் மட்டும் கோணலாக நிற்கும். பள்ளியில் கேட்டால் பிள்ளை சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஸ்கேன் மேல் பழி வரக்கூடாது. பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறதா என்பதை இந்தப் படம் நம்பகமாகக் காட்டாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் மகள் வயதில் அப்படி ஆகியிருக்க வாய்ப்புக் குறைவு.

பிப்ரவரி 16, 2025, இரவு 9.05

ஏழு மாதம் கழித்து அந்த அம்மா எழுதியிருக்கிறார். அண்ணத்தில் கோரைப்பல்லின் நுனி வெள்ளையாகத் தெரிகிறதாம், லேட்டரல் ஆடவில்லையாம். வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்னொரு 3டி ஸ்கேன் எடுக்கலாமா என்று இந்த முறை அவரே கேட்கிறார்.

வேண்டாம். வாய் நிறைய உலோகம் இருக்கிறது, படம் கோடு கோடாக வரும். கோரைப்பல் வேரை விட்டு விலகிவிட்டது, குழி பெரிதானால் என்ன செய்வோமோ அதைத்தான் இப்போதே செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஒரு சின்ன ஃபிலிம் எடுத்து, நீளம் குறைந்திருக்கிறதா என்று ஜூலைப் படத்தோடு ஒப்பிட்டால் போதும். உங்கள் டாக்டரும் அதையே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், இந்தத் தடவை 2,800 எழுதவில்லை என்று.